டின் தகடு, டப்பா, துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழக்கூழ், ஊறுகாய், எண்ணெய், மீன் என்று எதையாவது டின்னில் அடைத்து விற்கிறவர்களும், கடையில் டின் வாங்கிப் பயன்படுத்துகிறவர்களும் அதிகம் கேட்கிற கேள்விகள் இவை. டப்பா செய்கிற இடத்தில், தகட்டோடும் லாக்கரோடும் (தகட்டின் மேல் அடித்துச் சூளையில் வேகவைக்கும் பூச்சு) பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். "எந்தத் தகடு நல்ல தகடு?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உள்ளே என்ன அடைக்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், அதற்கப்புறம்தான் தகட்டைப் பற்றிப் பேச முடியும்.

டின் டப்பா என்கிறோமே, அது முழுக்க வெள்ளீயமா?

இல்லை. அது கரிமம் குறைந்த மெல்லிய எஃகுத் தகடு. பெரும்பாலும் 0.13 முதல் 0.49 மி.மீ. வரை தடிமன் இருக்கும். அதன் இரு முகத்திலும் வெள்ளீயப் பூச்சு உண்டு. பூச்சு எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போடலாம். 0.20 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் எடுத்தால் ஏறக்குறைய 1,570 கிராம் எடை. பக்கத்துக்கு 2.8 கிராம் பூச்சு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து வெள்ளீயம் 5.6 கிராம்தான், அதாவது ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. பூச்சின் தடிமன் சுமார் 0.4 மைக்ரான்.

அந்தத் தகட்டை எப்படிச் செய்கிறார்கள்?

சூடாக உருட்டிய எஃகுச் சுருளில் தொடங்குகிறது. அது 2 மி.மீ. சுமாருக்கு இருக்கும், மேலே கறுப்பாகச் செதில் படிந்திருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் ஓடவிட்டுச் செதிலை நீக்குவார்கள். பிறகு வரிசையாக நிற்கும் ஐந்து உருளைத் தாங்கிகளுக்கு நடுவே குளிர்நிலையில் நசுக்கி, பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குக் கொண்டு வருவார்கள். இந்த இடத்தில் உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே வழுக்கலுக்காக வெகுகாலமாகப் பயன்பட்டது பாமாயில்! அந்த எண்ணெயில் துளி மிஞ்சினாலும் பின்னால் வெள்ளீயம் ஒட்டாது. அதனால் காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கழுவுவார்கள்.

நசுக்கிய எஃகு விறைத்துப்போயிருக்கும், மடக்கினால் வெடிக்கும். அதைப் பதப்படுத்த இரண்டு வழி. சுருள்களை அடுக்கி மூடி நாள்கணக்கில் சூடாக்கி ஆறவிடுவது ஒன்று. உலைக்குள் தகட்டை ஓடவிட்டு ஓரிரு நிமிடத்தில் முடிப்பது இன்னொன்று. முதல் வழியில் மென்மையான தகடு கிடைக்கும், ஆழமாக இழுத்துச் செய்யும் டப்பாவுக்கு ஏற்றது. இரண்டாவதில் கொஞ்சம் விறைப்பு கூடும், ஆனால் சுருளின் தலை முதல் வால் வரை ஒரே குணம். கடைசியாக ஒரு லேசான உருட்டு, மேற்பரப்பையும் விறைப்பையும் சரிசெய்ய. மிக மெல்லிய தகடு வேண்டுமென்றால் இந்த இடத்தில் இன்னொரு முறை கனமாக நசுக்குவார்கள், அதுதான் சந்தையில் "டி.ஆர்." என்று சொல்லும் தகடு.

இனி பூச்சு. தகடு மறுபடியும் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி, வெள்ளீய உப்புக் கரைந்த அமிலத் தொட்டிகளுக்குள் போகும். பீனால் சல்போனிக் அமிலம் பழைய வழக்கம், மீத்தேன் சல்போனிக் அமிலம் புதியது. தகடு எதிர்மின்வாயாக இருந்து வெள்ளீயத்தை வாங்கிக்கொள்ளும். தொட்டியைவிட்டு வரும்போது பார்த்தால் பளபளப்பே இருக்காது, மங்கலான சாம்பல் வெள்ளை. அதை ஒரு கணம் வெள்ளீயத்தின் உருகுநிலையான 232 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி உடனே தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்தக் கணத்தில் இரண்டு காரியம் நடக்கும்: மேற்பரப்பு கண்ணாடி போல் ஆகும், அடியில் இரும்பும் வெள்ளீயமும் கலந்து ஒரு கலப்பு அடுக்கு உருவாகும். வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்கிறார்கள். டப்பாவின் ஆயுளுக்கு உழைப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத அடுக்கு. அது இடைவெளியில்லாமல் நெருக்கமாக அமைந்தால்தான் மேலே உள்ள வெள்ளீயம் மெதுவாகச் செலவாகும்.

அதன்பின் டைகுரோமேட் கரைசலில் ஒரு செயலறு பூச்சு (வெள்ளீயம் காற்றோடு வினைபுரிவதைத் தடுக்கும் படலம்), அதற்கும் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம்தான். குறைந்தால் தகடுகள் ஒன்றோடொன்று உரசிக் கீறும், கூடினால் லாக்கர் அடிக்கும்போது கண் கண்ணாக விலகும்.

முன்பெல்லாம் உருக்கிய வெள்ளீயத்தில் முக்கித்தானே எடுத்தார்கள்?

ஆமாம். பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு ஈயம் பூசுகிறவர் செய்ததைத்தான் வேல்ஸ் நாட்டுத் தகர ஆலைகள் பெரிய அளவில் செய்தன. 19-ஆம் நூற்றாண்டில் உலகத்தின் தகரச் சந்தையே தென் வேல்ஸ் கையில் இருந்தது. லனெல்லி என்ற ஊருக்குத் 'டினோபொலிஸ்' என்றே பட்டப்பெயர். 1890-இல் அமெரிக்கா மெக்கின்லி சட்டத்தின் மூலம் இறக்குமதித் தகரத்துக்குக் கடும் வரி போட்டபோதுதான் அந்த ஊர்களுக்குப் பெரிய அடி விழுந்தது.

இந்தியாவில் ஜாம்ஷெட்பூரின் கோல்முரியில் 1920-இல் டின்பிளேட் கம்பெனி தொடங்கி, 1922-இல் தகடு வரத் தொடங்கியது. டாட்டாவோடு சேர்ந்து பணம் போட்டது ஓர் எண்ணெய்க் கம்பெனி, பர்மா ஆயில். காரணம் எளிது: மண்ணெண்ணெய் அடைக்க டின் வேண்டும். உணவுக்காக அல்ல, விளக்குக்காக வந்த ஆலை அது. 2024-இல் அந்தக் கம்பெனி டாட்டா ஸ்டீலோடு இணைந்துவிட்டது.

முக்கி எடுப்பதில் பூச்சை நினைத்த அளவுக்கு மெலிதாக்க முடியாது, இரு பக்கமும் வேறு வேறு கனத்தில் பூசவும் முடியாது. 1934-இல் ஜெர்மனியின் ஆண்டர்னாக்கில் மின்முலாம் முறையில் தகட்டுச் சுருளுக்குப் பூசத் தொடங்கினார்கள். அதை உலகம் முழுக்கப் பரப்பியது இரண்டாம் உலகப் போர். 1942-இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு வெள்ளீயம் கிடைப்பது அரிதானது. குறைந்த வெள்ளீயத்தில் அதிகத் தகடு செய்தாக வேண்டிய கட்டாயம்.

பில்லில் 2.8/2.8, D 5.6/2.8, T 61 என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

முதல் இரண்டும் பூச்சு எடை, சதுர மீட்டருக்குக் கிராம், பக்கவாரியாக. 2.8/2.8 என்றால் இரு பக்கமும் சமம். 'D 5.6/2.8' என்றால் ஒரு பக்கம் கனம், மறுபக்கம் இலேசு. எந்தப் பக்கம் கனம் என்று கண்ணால் தெரியாது என்பதால் ஒரு முகத்தில் மெல்லிய இணைகோடுகள் போட்டிருப்பார்கள். கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை வைத்துப் பூச்சு அளவைச் சொல்லிவிடலாம். இதைக் கவனிக்காமல் தகட்டைத் தலைகீழாக வைத்து வெட்டினால், கனமான பூச்சு டப்பாவுக்கு வெளியே போய்விடும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம்.

T-க்குப் பின் வரும் 57, 61 போன்ற எண்கள் விறைப்பு, ராக்வெல் 30T என்ற கடினத்தன்மை அளவுகோலில். எண் கூடினால் விறைப்பு கூடும். உணவு டப்பாவுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1993. அது பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 11949-ஐ ஒட்டியது.

பேரம் பேசும்போது பலர் தடிமனை மட்டும் கேட்கிறார்கள். தடிமன் டப்பாவின் வலிமைக்கு. துருவுக்கும் அரிப்புக்கும் பூச்சு எடைதான் கணக்கு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

துத்தநாகம் பூசிய வாளி போலத்தான் இதுவும் துருப்பிடிக்காமல் இருக்கிறதா?

உள்ளே ஒரு கதை, வெளியே வேறு கதை.

காற்றும் ஈரமும் உள்ள இடத்தில், அதாவது டப்பாவின் வெளிப்புறத்தில், வெள்ளீயம் இரும்பைவிட மந்தமான உலோகம். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும், வெள்ளீயம் அப்படிச் செய்யாது. பூச்சில் ஒரு நுண்துளை இருந்தால், அந்தத் துளையில் தெரியும் இரும்புதான் கரையும். சுற்றிலும் உள்ள வெள்ளீயம் அதைத் தடுக்காது, இன்னும் தூண்டிவிடும். 0.4 மைக்ரான் பூச்சில் துளையே இல்லாமல் யாராலும் பூச முடியாது. அதனால்தான் ஈரமான கிடங்கில் வைத்த டின்னில் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது.

அதே டப்பாவுக்குள் அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிட்டால் நிலைமை தலைகீழ். ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பழத்தின் சிட்ரிக் அமிலம் போன்றவை, கரைந்து வரும் வெள்ளீய அயனிகளைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. அதனால் வெள்ளீயத்தின் மின்னழுத்தம் இரும்பைவிடக் கீழே இறங்குகிறது. இப்போது கரைவது வெள்ளீயம், தப்பிப்பது இரும்பு. வெள்ளீயத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் வெளிப்படாது என்பதால் இந்தக் கரைதல் மிக மெதுவாக, மேற்பரப்பு முழுக்கச் சீராக நடக்கும். அப்படிப்பட்ட டப்பாவைத் திறந்தால் உள்சுவர் மங்கி, படிகம் படிகமாகக் கோலம் போட்டது போலத் தெரியும். அது கெட்டுப்போன அடையாளமல்ல. வெள்ளீயம் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பூச்சு எடை என்பது, ஒரு விதத்தில், டப்பாவின் ஆயுள் இருப்பு. அது தீர்ந்து இரும்பு பரவலாகத் தெரிந்தால் ஹைட்ரஜன் வாயு வரத் தொடங்கும், டப்பா உப்பும். நைட்ரேட் அதிகமுள்ள காயோ பழமோ, அல்லது நைட்ரேட் கலந்த கிணற்றுத் தண்ணீரில் செய்த பாகோ உள்ளே போனால் இந்த இருப்பு வெகு வேகமாகக் கரையும். தகட்டின் மேல் பழியைப் போடும் முன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

அப்படியானால் லாக்கர் எதற்கு? எல்லாவற்றையும் வெறும் வெள்ளீயத்திலேயே அடைக்கலாமே?

அன்னாசி, பீச், பேரி போன்ற வெளிர்நிறப் பழங்களுக்கு வெறும் வெள்ளீயமே நல்லது. கரையும் வெள்ளீயம் மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் நிறமும் மணமும் நிற்கும். முழு லாக்கர் அடித்த டப்பாவில் அதே அன்னாசி சீக்கிரம் பழுப்பாகிவிடும்.

ஆனால் செர்ரி, பிளம், ஸ்ட்ராபெர்ரி போன்ற சிவப்பு, ஊதாப் பழங்களின் சாயத்தை வெள்ளீயம் வெளுக்கச் செய்துவிடும். அதற்கு அமிலம் தாங்கும் லாக்கர், தொழிலில் ஏ.ஆர். லாக்கர் என்பார்கள். பட்டாணி, சோளம், மீன், இறைச்சியில் புரதத்திலிருந்து கந்தகம் வெளிவரும். அதற்குக் கந்தகம் தாங்கும் எஸ்.ஆர். லாக்கர். அதில் துத்தநாக ஆக்சைடு கலந்திருப்பார்கள். வரும் கந்தகத்தை அது பிடித்து வெள்ளை நிறச் சேர்மமாக மாற்றிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

லாக்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. கடும் அமில உணவில், கீறல் விழுந்த லாக்கர் டப்பா வெறும் டப்பாவைவிட மோசம். வெறும் டப்பாவில் அரிப்பு மொத்தச் சுவருக்கும் பங்காகும். லாக்கர் டப்பாவில் கீறல் இருக்கும் அந்தத் தலைமுடி அகலத்தில் மட்டும் மொத்தத் தாக்குதலும் குவியும், அங்கே இரும்பு குடையப்பட்டு ஊசித்துளை விழும். விலை உயர்ந்த லாக்கரை வாங்கிவிட்டு, டப்பாவை, சுவரில் வரிவரியாக வளையம் அழுத்தும் இயந்திரத்தில் கவனமில்லாமல் கீறவிடுவது காசைக் கொடுத்துத் துளை வாங்குவதுதான்.

சூளைச் சூடும் முக்கியம். பெரும்பாலான லாக்கர்கள் 200 டிகிரி செல்சியஸ் சுமாரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகும். 232-ஐத் தொட்டால் அடியில் வெள்ளீயமே உருகிவிடும். அதனால் தவறுக்கு இடம் மிகக் குறைவு.

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழுக்கு எது பொருத்தம்?

பெங்களூரா, அல்போன்சாக் கூழ்கள் 3.1 கிலோ பிடிக்கும் ஏ-10 டப்பாவில் ஏற்றுமதியாவது வழக்கம். மாம்பழம் அமில உணவு, ஆனால் எலுமிச்சை அளவுக்குக் கடுமையான அமிலமல்ல. நிறம் மஞ்சள், வெள்ளீயத்தால் வெளுக்கும் சாயமல்ல. எனவே இதில் முடிவை நிறம் தீர்மானிப்பதில்லை. எந்த நாட்டுக்குப் போகிறது, எத்தனை மாதம் கிடங்கில் இருக்கும், எவ்வளவு வெப்பத்தில் இருக்கும் என்பவைதான் தீர்மானிக்கும்.

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் அளவுப்படி டப்பா உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம் வரை அனுமதி. டப்பா பானத்துக்கு 150. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்கு 200, பானத்துக்கு 100. கூழை வாங்குகிறவர் அதிலிருந்து பானம் செய்யப்போகிறாரென்றால் அவருடைய வரம்பும் உங்கள் கணக்கில் வர வேண்டும். சூடு ஏற ஏற வெள்ளீயம் வேகமாகக் கரையும். கோடைக் காலத்தில் தகரக் கூரைக் கொட்டகையில் அடுக்கிவைத்த சரக்கும், நிழலான கிடங்கில் இருந்த சரக்கும் ஒரே சோதனை முடிவைத் தராது. நீண்ட நாள் வைப்பதானால் கனமான உட்பூச்சு, அல்லது நல்ல ஏ.ஆர். லாக்கர். இரண்டையும் ஒரு பருவம் முழுக்கச் சேமித்துவைத்து மாதாமாதம் ஒன்றைத் திறந்து பார்த்து முடிவு செய்வதுதான் என் யோசனை. விற்பனைப் பிரதிநிதி சொல்வதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

டின் மீனைத் திறந்தால் உள்ளே கறுப்பாக இருக்கிறது. சாப்பிடலாமா?

டப்பா உப்பாமல், கசியாமல், வாடை சரியாக இருந்தால் அந்தக் கறை பெரும்பாலும் கந்தகக் கறைதான். வெள்ளீயத்தோடு கந்தகம் சேர்ந்தால் பழுப்பும் நீலமும் கலந்த சாயல், இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. உடம்புக்குக் கேடில்லை, பார்க்கத்தான் அசிங்கம். இலங்கையில் தினச் சமையலுக்குப் போகும் 425 கிராம் டின் மீன்களில் உள்பக்கம் பொன்னிறமாகவோ சாம்பலாகவோ இருப்பது இந்தக் கறையைத் தடுக்க அல்லது மறைக்கத்தான். சாம்பல் நிறம் லாக்கரில் கலந்த அலுமினியப் பொடியால் வருவது.

டின் ஃப்ரீ ஸ்டீல் என்கிறார்களே?

வெள்ளீயத்துக்குப் பதிலாகக் குரோமியம் பூசிய அதே எஃகு. 1960-களில் ஜப்பானில் வளர்ந்தது. உலோகக் குரோமியம் சதுர மீட்டருக்கு 50 முதல் 140 மில்லிகிராம், அதற்கு மேல் குரோமியம் ஆக்சைடு 7 முதல் 35 மில்லிகிராம். கிராம் அல்ல, மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள். நூறில் ஒரு பங்கு மைக்ரான் கனம்தான்.

லாக்கர் இதன் மேல் அருமையாகப் பிடிக்கும், கந்தகக் கறை விழாது, உருகும் பயமும் இல்லை. மூடிகள், சோடா பாட்டில் மூடிகள், இழுத்துச் செய்யும் மீன் டப்பாக்கள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான். குறைகளும் உண்டு: லாக்கர் இல்லாமல் பயன்படுத்தவே முடியாது, ஓரத்தைச் சுரண்டாமல் வெல்டிங் ஆகாது, பூச்சு கடினமானதால் அச்சுகள் சீக்கிரம் தேயும். இந்தியத் தரம் ஐ.எஸ். 12591.

குரோமியம் நஞ்சாயிற்றே?

நஞ்சு ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தகட்டின் மேல் மிஞ்சுவது உலோகமும் மூன்று இணைதிறன் ஆக்சைடும். சாப்பிடுகிறவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து தொட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கும், கழிவுநீர் போய்ச் சேரும் இடத்துக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரைஆக்சைடைப் பயன்படுத்தக் கூடாது என்று வைத்தது. அதனால் வெள்ளீயத் தகட்டுக்கு டைட்டேனியம், சிர்கோனியம் சேர்ந்த செயலறு பூச்சுகளும், டின் ஃப்ரீ ஸ்டீலுக்கு மூன்று இணைதிறன் குரோமியத் தொட்டிகளும் வந்திருக்கின்றன. புதிய பூச்சுத் தகடு வாங்கினால் பழைய லாக்கர் அதில் அப்படியே ஒட்டும் என்று நினைக்காதீர்கள். வெள்ளீய ஆக்சைடு வளர்ந்து சூளையில் தகடு மஞ்சளிப்பதைத் தடுத்தது அந்தக் குரோமியம்தான். மாற்றுப் பூச்சில் ஒவ்வொரு லாக்கரையும் புதிதாகச் சோதித்தே ஆக வேண்டும்.

பி.பி.ஏ. இல்லாத லாக்கர் கேட்கிறார்கள். அவசியமா?

ஐரோப்பாவுக்கு அனுப்புகிறீர்களென்றால் அவசியம். எப்பாக்சி லாக்கர்களின் மூலப்பொருளில் ஒன்று பிஸ்பீனால்-ஏ. உணவு படும் பொருள்களில் அதைத் தடை செய்யும் 2024/3190 எண் ஒழுங்குமுறை 2025 ஜனவரி 20 முதல் அமலில் இருக்கிறது. பழம், காய்கறி, பதப்படுத்திய மீன் அடைக்கும் டப்பாக்களுக்கு 2028 ஜனவரி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மாற்றாகப் பாலியெஸ்டர், அக்ரிலிக் லாக்கர்கள் கிடைக்கின்றன. கடுமையான அமிலத்தைத் தாங்குவதில் பழைய எப்பாக்சி-பீனாலிக்குக்கு நேர் நிகரான ஒன்றை நான் இன்னும் கையாளவில்லை. அதனால் கடைசி மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே சேமிப்புச் சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.

டப்பா வெளியில் துருப்பிடிக்கிறது. தகடு மட்டமா?

பெரும்பாலும் இல்லை. பத்துப் புகார் வந்தால் அதில் பல, தகடு ஆலையைவிட்டு வந்தபிறகு நடந்த கோளாறுதான். முதலில் பார்க்க வேண்டியது வேகவைத்த டப்பாவை எந்தச் சூட்டில் வெளியே எடுக்கிறீர்கள் என்று. 38–40 டிகிரி செல்சியஸில் எடுத்தால் மிச்சச் சூட்டிலேயே மேல் ஈரம் காய்ந்துவிடும். முழுக்கக் குளிர்ந்து எடுத்தால் மூடியும் சுவரும் சேரும் சீம் மடிப்புக்குள் தண்ணீர் தங்கி, இரண்டாம் நாளே அங்கே வளையமாகத் துரு வரும். வெதுவெதுப்பாக எடுத்துவிட்டு உடனே இறுக்கமாக அட்டைப்பெட்டியில் அடைத்தாலும் அதே கதி. குளிர்விக்கும் தண்ணீரில் குளோரின் வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் குளோரைடு ஏறி அதுவே அரிக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் டப்பாவைக் கடைசியாக நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

அடுத்தது வியர்வை. குளிரான கண்டெய்னரிலிருந்து இறக்கிய தகட்டுக் கட்டை, சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரக் காற்றில் உடனே பிரித்தால், நொடியில் தகடுகளுக்கு நடுவே பனி பிடிக்கும். ஒட்டிக்கிடக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே போன ஈரம் வெளியே வராது. மூடிய உறையோடு ஒருநாள் போல கிடங்கில் விட்டு, கிடங்கின் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள். அட்டை, லேபிள் பசை, நடுவில் வைக்கும் காகிதம் இவற்றிலும் குளோரைடு இருக்கலாம். துரு லேபிளின் ஓரத்தை ஒட்டி மட்டும் வந்திருந்தால் பசையைச் சந்தேகியுங்கள்.

டப்பா உப்பியிருந்தால்?

ஹைட்ரஜனால் உப்பியதா, கிருமியால் உப்பியதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தூக்கிப் போடுங்கள். திறந்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

நசுங்கிய டப்பா?

நடுச்சுவரில் மட்டும் லேசாக நசுங்கியிருந்தால் சீக்கிரம் பயன்படுத்தலாம். மேல் கீழ் மடிப்பிலோ பக்கத் தையலிலோ நசுங்கியிருந்தால் வேண்டாம்.

திறந்த டின்னை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம், வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மூடியைத் திறந்ததும் ஆக்சிஜன் உள்ளே போகிறது. ஆக்சிஜனும் அமிலமும் சேர்ந்தால் வெள்ளீயம் பல மடங்கு வேகமாகக் கரையும். உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் வெள்ளீயம் மிக அதிகமானால் குமட்டலும் வாந்தியும் வரும். அன்னாசி, தக்காளி டின்களில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

டின்னில் ஈயம் இருக்கிறதா?

காரீயத்தைத்தான் கேட்கிறீர்கள் என்றால், அந்தக் காலத்து டப்பாவின் பக்கத் தையலில் இருந்தது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் ஒட்டுவார்கள். அமெரிக்கா 1995-இல் உணவு டப்பாவில் அதைத் தடை செய்தது. இப்போது உணவு டப்பாக்களின் பக்கத் தையல் மின் வெல்டிங். இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு: உருகும் வெள்ளீயம் வெல்டிங் முனையில் ஒட்டிக் கெடுத்துவிடும் என்பதால், ஓடிக்கொண்டே இருக்கும் செம்புக் கம்பியை முனையாக வைத்தார்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் புதுக் கம்பி வந்துகொண்டேயிருக்கும். வெல்டிங் சூட்டில் அந்தக் கோட்டில் பூச்சு எரிந்துபோவதால், உள்ளே ஒரு பட்டை லாக்கர் தனியாகப் போட வேண்டும். துளை விழுந்த டப்பாவைப் பார்க்க நேர்ந்தால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

15 கிலோ எண்ணெய் டின்னைக் கழுவி மறுபடியும் எண்ணெய் அடைக்கலாமா?

சட்டப்படி கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிவு ஒழுங்குமுறை, ஒருமுறை பயன்படுத்திய டின்னைச் சமையல் எண்ணெய்க்கு மறுபடி பயன்படுத்தக் கூடாது என்கிறது. சட்டம் இருக்கட்டும், தகட்டின் பக்கம் பார்த்தாலும் சரிப்படாது. பழைய எண்ணெயைக் கழுவக் காரம் போட்டுத் தேய்த்தால் வெள்ளீயம் போய்விடும். வெளியே தெரியும் இரும்பு புது எண்ணெயைச் சீக்கிரம் சிக்குப்பிடிக்கச் செய்யும். அரிசி, பருப்பு கொட்டிவைக்க, செடி வைக்க, வெந்நீர் அடுப்புக்கு என்று அதற்கு நம் வீடுகளில் வேலை இல்லாமலா போய்விட்டது!

வந்த தகட்டையும் டப்பாவையும் நாமே சோதிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். லாக்கர் அடித்த டப்பாவுக்குள் அமிலம் சேர்த்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை ஊற்றிச் சில நிமிடம் விட்டுக் கொட்டிவிடுங்கள். லாக்கரில் எங்கெல்லாம் துளையோ கீறலோ இருக்கிறதோ அங்கெல்லாம் செம்பு படிந்து செம்புள்ளியாக, செங்கோடாகத் தெரியும். வளையம் அழுத்திய இடத்தில் வரிசையாகப் புள்ளி வந்தால் இயந்திரத்தைப் பாருங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் லாக்கர் அடித்த அன்று தூசியோ எண்ணெயோ இருந்திருக்கிறது. அந்த டப்பாவைச் சோதனைக்குப் பிறகு நசுக்கிப் போட்டுவிட வேண்டும்.

லாக்கர் வெந்ததா என்று பார்க்க எம்.இ.கே. கரைப்பானில் நனைத்த துணியால் தேய்ப்பார்கள். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுப்பார்கள். கொஞ்சம் பெரிய இடங்களில் எனாமல் ரேட்டர் இருக்கும்: டப்பாவில் 1 சதவீத உப்புத் தண்ணீர் ஊற்றி 6.3 வோல்ட் கொடுத்து நாலு நொடியில் எத்தனை மில்லிஆம்பியர் பாய்கிறது என்று பார்ப்பது. எண் கூடினால் திறந்த இடம் அதிகம்.

கலப்பு அடுக்கின் தரத்தை மட்டும் ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். மேல் வெள்ளீயத்தை நீக்கிவிட்டுக் கலப்பு அடுக்கை வெளிக்காட்டி, அதோடு ஒரு சுத்த வெள்ளீயத் துண்டை இணைத்து, காற்று நீக்கிய சாற்றில் 20 மணி நேரம் வைத்து மின்னோட்டத்தை அளப்பார்கள். அந்தச் சாறு எது தெரியுமா? கிரேப்ஃபுரூட் பழச்சாறு! ஓட்டம் குறைவாக இருந்தால் அடுக்கு நெருக்கமானது. அன்னாசி போன்ற கடும் சரக்குக்கு வாங்கும்போது ஆலையிடம் இந்த எண்ணைக் கேட்கலாம்.

செகண்ட்ஸ் தகடு மலிவாகக் கிடைக்கிறதே?

பெயின்ட் டப்பா, பொம்மை, அகர்பத்தி டப்பாவுக்கு வாங்குங்கள். உணவுக்கு வாங்காதீர்கள். செகண்ட்ஸ் என்று ஒதுக்கியதற்குக் காரணம் கீறலாக இருக்கலாம், தடிமன் வித்தியாசமாக இருக்கலாம், பூச்சு குறைவாகவும் இருக்கலாம். எது என்று கட்டின் மேல் எழுதியிருக்காது. பூச்சு எடை தெரியாத தகட்டில் அடைத்த சரக்குக்கு எத்தனை மாதம் ஆயுள் என்று லேபிளில் எப்படிப் போடுவீர்கள்?

தகரமா அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய இரும்புக் கடைக்காரர் எடுப்பாரா?

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. டின் ஃப்ரீ ஸ்டீலும் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. கடைக்காரர் எடுப்பார். காந்தத்தால் எளிதில் பிரிக்க முடிவதால் குப்பையிலிருந்து மீள்வதில் எஃகு டப்பாவுக்குச் சாதகம் அதிகம். டப்பா ஆலையில் வெட்டி மிஞ்சும் சுத்தமான துண்டுகளைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு வெள்ளீயத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் செய்கிறார்கள். லாக்கர் அடித்த துண்டுகள் அந்தத் தொட்டியில் சரியாகக் கரையாது என்பதால், வெட்டும் இடத்திலேயே லாக்கர் துண்டையும் வெறும் துண்டையும் வேறு வேறு தொட்டியில் போடச் சொல்லிவிடுங்கள். விலையும் கூடக் கிடைக்கும்.